ஆங்கிலத்தின் 'டேக்' (take) என்ற ஒரே வினையைத் தமிழில் எழுதுவது எப்படி? டர்பனுக்குப் புதிதாக வந்தவர்களுக்கு

தமிழ்நாட்டிலிருந்தோ யாழ்ப்பாணத்திலிருந்தோ டர்பனுக்கு வந்து, கோயிலில் நாலு பேரோடு பேசிப் பழகிவிட்டீர்கள் என்றால், சீக்கிரமே ஒரு தாள் உங்கள் கைக்கு வரும். "உங்களுக்குத்தான் நல்ல தமிழ் தெரியுமே, இதைத் தமிழில் போட்டுக் கொடுங்கள்" என்பார்கள். காவடி அறிவிப்பாக இருக்கலாம், ஆடி மாதம் கூழ் ஊற்றும் விவரமாக இருக்கலாம், இறப்புச் செய்தியாகவோ கிளினிக்கில் கொடுத்த மருந்துக் குறிப்பாகவோ இருக்கலாம். இங்கே தமிழர்களில் பெரும்பாலோருக்கு வீட்டுமொழி ஆங்கிலம்தான். தமிழ் படிப்பவர்கள் ஊரிலிருந்து வந்த குருக்கள், கோபுர வேலைக்கு வந்த சிற்பிகள், பிள்ளைகளைப் பார்க்க வந்த அப்பா அம்மாக்கள், தமிழ் வகுப்புக்குப் போகும் சிலர். அவர்களுக்காகத்தான் அந்தத் தாள்.

பெரிய சொற்கள் பயமுறுத்தும், ஆனால் அகராதியைத் திறந்ததும் அடங்கிவிடும். நேரத்தைத் தின்பவை சின்ன வினைகள்: கெட், டேக், புட், ரன். என்னைப் பாடாய்ப் படுத்தியது 'டேக்'. அதை மட்டும் வைத்து, நான் தட்டுத் தடுமாறிக் கண்ட வழியைப் படிப்படியாக எழுதுகிறேன். மற்ற வினைகளுக்கும் இதே வழி செல்லும்.

1. தாளை வாங்கும்போதே கேட்க வேண்டியவை

முதல் கேள்வி, இது எதற்குப் போகிறது? கோயில் பலகைக்கு, துண்டறிக்கைக்கு, வீட்டில் மருந்துப் பெட்டிக்கு மேல் ஒட்ட என்றால் நீங்களே செய்யலாம். நீதிமன்றத்துக்கோ உள்துறை அலுவலகத்துக்கோ போகிறது என்றால் தொடவே தொடாதீர்கள். தமிழ் தென்னாப்பிரிக்காவின் ஆட்சிமொழி கிடையாது. மதிக்கப்பட வேண்டிய மொழிகளின் வரிசையில் அரசியலமைப்பின் 6ஆம் பிரிவு அதன் பெயரைச் சொல்கிறது, அவ்வளவுதான். ஆட்சிமொழி அல்லாத மொழியிலுள்ள ஆவணம் உயர் நீதிமன்ற வழக்கில் தாக்கலானால், சத்தியப்பிரமாணம் செய்த மொழிபெயர்ப்பாளர் சான்றளித்த மொழிபெயர்ப்பு கூடவே இருக்க வேண்டும் என்கிறது நீதிமன்ற விதி 60. அந்த மொழிபெயர்ப்பாளர்கள் விதி 59இன்படி உயர் நீதிமன்றத்தில் பதிவானவர்கள். "இதோடு சேர்த்து என் பழைய பிறப்புச் சான்றையும் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்துவிடுங்கள்" என்று யாராவது அன்பாகச் சொன்னால், அன்பாகவே மறுத்துவிடுங்கள். நீங்கள் எழுதியதை அலுவலகம் திருப்பி அனுப்பும், அவருக்கு வாரங்கள் வீணாகும். தமிழுக்கான பதிவுபெற்ற மொழிபெயர்ப்பாளரைத் தேடிப் பிடிக்கவே நாளாகும் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவது உதவி.

இரண்டாவது, முழுத் தாளையும் கேளுங்கள். வாட்ஸ்அப்பில் ஒரே ஒரு வரியை அனுப்பி "இதுக்குத் தமிழ் என்ன?" என்பார்கள். 'டேக் இட்' என்று மட்டும் வந்தால் பதில் கிடையாது. எதை, யார், எங்கே என்று தெரியாமல் இந்த வினையை எழுத முடியாது.

மூன்றாவது, காசு. உங்கள் விசா எந்த வகை என்று பார்த்துக்கொள்ளுங்கள். உறவினர் விசாவிலோ வருகையாளர் விசாவிலோ இருப்பவருக்குப் பொதுவாக இங்கே வேலை செய்ய அனுமதி இல்லை. அப்படி இருப்பவர் துண்டறிக்கைக்குக் கூலி வாங்கினாலும் அது வேலைதான். சேவையாகச் செய்கிறேன் என்று சொல்லிவிடுவது நல்லது. வேலை அனுமதி உள்ளவர்களுக்குக் கூலிக் கணக்கைக் கடைசியில் சொல்கிறேன்.

2. கருவிகள், அவற்றின் செலவு

பெரும்பாலானவை இலவசம். டேட்டாவுக்குத்தான் காசு போகும், அது இங்கே மலிவில்லை. வீட்டிலோ நூலகத்திலோ வைஃபை கிடைக்கும்போது பார்த்து, தேவையான பக்கத்தைச் சேமித்து வைத்துக்கொள்ளுங்கள். மின்வெட்டு வந்தாலும் வேலை நிற்காது.

ஆங்கிலப் பொருளுக்கு ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ், மெரியம்-வெப்ஸ்டர் மூன்றுமே அகராதிகளை இணையத்தில் இலவசமாக வைத்திருக்கின்றன. பெரிய ஆக்ஸ்போர்டு அகராதிக்குச் சந்தா கட்ட வேண்டும். நம் வேலைக்கு அது தேவையில்லை. சொல்லின் வேருக்கு எட்டிமான்லைன் (Etymonline) என்ற இணையதளம் போதும்.

நாட்டு வழக்குக்கு ஒன்று கட்டாயம் வேண்டும். மக்கான்டாவிலுள்ள ரோட்ஸ் பல்கலைக்கழகத்தில் உருவான தென்னாப்பிரிக்க ஆங்கில அகராதி 1996இல் அச்சில் வந்தது, இப்போது இணையத்தில் இலவசமாகத் தேடலாம். இதை யாரும் புதிதாக வந்தவர்களிடம் சொல்வதில்லை. ஏன் என்று தெரியவில்லை.

தமிழ்ப் பக்கம், சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன், 1924 முதல் 1936 வரை 6 தொகுதிகளாக வந்தது. சிகாகோ பல்கலைக்கழகத்தின் தளத்தில் இலவசமாகத் தேடலாம். அதே சென்னைப் பல்கலைக்கழகம் 1960களில் வெளியிட்ட, அ. சிதம்பரநாதன் செட்டியார் தொகுத்த ஆங்கிலம்-தமிழ்ச் சொற்களஞ்சியமும் இருக்கிறது. ஆனால் ஒரு எச்சரிக்கை. 'டேக்' என்ற தலைப்பின் கீழ் அது தமிழ்ச் சொற்களை வரிசையாக அடுக்கிக் கொடுக்கும், எது எங்கே பொருந்தும் என்று சொல்லாது. பட்டியலில் முதலில் இருப்பதை எடுத்துப் போட்டுவிட்டு நகர்வதுதான் புதியவர்கள் விழும் முதல் குழி.

காசு கொடுத்து ஒன்றே ஒன்று வாங்குவதானால், க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. ஒவ்வொரு பொருளுக்கும் எடுத்துக்காட்டு வாக்கியம் தருகிறது. நமக்கு வேண்டியது அதுதான். இங்கே கடையில் தேடி அலையாமல், சென்னையிலிருந்து வருபவரிடம் சொல்லிவிடுங்கள். கனமான புத்தகம், ஊறுகாய் பாட்டிலோடு எடைக்குப் போட்டி போடும். யாரிடம் சொல்கிறீர்கள் என்று பார்த்துச் சொல்லுங்கள்.

3. முதலில் பெயர்ச்சொல்லைப் பிடியுங்கள்

தாளை அச்சடித்து, 'டேக்' வரும் இடத்திலெல்லாம் வட்டமிடுங்கள். டேக்ஸ், டுக், டேக்கன், டேக்கிங் எல்லாம் சேர்த்து. பிறகு ஓரத்தில், அதைத் தொடர்ந்து வரும் பெயர்ச்சொல்லை மட்டும் எழுதுங்கள்: மாத்திரை, பேருந்து, பிரசாதம், குழந்தை, இரண்டு மணி நேரம், செருப்பு.

'டேக்'குக்குத் தமிழ் என்ன என்று கேட்டால் 'எடு' என்றுதான் எல்லோரும் சொல்வார்கள். அந்தக் கேள்வியே உங்களைத் திசைதிருப்பிவிடும். மாத்திரைக்குத் தமிழில் என்ன வினை வரும், பேருந்துக்கு என்ன வரும், பிரசாதத்துக்கு என்ன வரும் என்று கேளுங்கள். ஆங்கில வினையை மறந்துவிட்டுப் பெயர்ச்சொல்லிடம் போனால், தமிழ் வினை தானாக வாயில் வரும். இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைப்பதானால் இதை வைத்துக்கொள்ளுங்கள்.

4. குவியல் பிரிப்பது

ஓரத்தில் எழுதியவற்றைக் குவியலாகப் பிரியுங்கள். கோயில், கிளினிக் தாள்களில் வருபவை பெரும்பாலும் இந்தக் குவியல்களில் அடங்கிவிடும்.

கையால் எடுப்பவை. இலை, தட்டு, விண்ணப்பப் படிவம். இங்கே 'எடு' சரி. ஆனால் கொடுப்பவர் ஒருவர் இருந்தால் 'எடு' கூடாது, 'வாங்கு' அல்லது 'பெறு' வர வேண்டும். "பிளீஸ் டேக் பிரசாதம் பிஃபோர் லீவிங்" என்பதை "பிரசாதம் எடுத்துச் செல்லவும்" என்று போட்டால், அண்டாவுக்குள் கையை விடச் சொன்னது மாதிரி. "பிரசாதம் பெற்றுச் செல்லுங்கள்" என்று எழுதுங்கள். ஆசியும் அப்படித்தான், பெறுவது. தரிசனம் என்றால் செய்வது.

கொண்டுபோவதும் கூட்டிப்போவதும். ஆங்கிலத்துக்குப் பொருளும் ஆளும் ஒன்று. தமிழில் பொருளைக் கொண்டுபோகிறோம், ஆளைக் கூட்டிக்கொண்டு போகிறோம், பெரியவர்களை அழைத்துச் செல்கிறோம், கைக்குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறோம். "டேக் யுவர் சைல்ட் டு த கிளினிக்" என்ற வரிக்குக் குழந்தையின் வயது தெரிந்தால் நல்லது. தெரியாவிட்டால் 'அழைத்துச் செல்லுங்கள்' எல்லா வயதுக்கும் ஒத்துப்போகும்.

இறப்புச் செய்தியில் மட்டும் ஒரு வித்தியாசம். உடலை வீட்டிலிருந்து சுடுகாட்டுக்குக் கொண்டுபோவதற்கு நம்மிடம் 'எடு' என்ற ஒற்றைச் சொல்லே போதும். "எத்தனை மணிக்கு எடுக்கிறார்கள்?" என்றால் யாருக்கும் விளக்கம் தேவையில்லை. ஆனால் அது பேச்சுக்கு. அச்சில், "காலை 11 மணிக்கு வீட்டிலிருந்து இறுதி ஊர்வலம் புறப்படும்" என்று எழுதுவதுதான் வீட்டாருக்கு மரியாதையாகப் படும். இப்படிப்பட்ட தாள் உங்களுக்கு வந்தால் அன்றே முடித்துக் கொடுக்க வேண்டியிருக்கும், மறுநாளே எடுத்துவிடுவார்கள்.

ஆகும் நேரமும் பணமும். "இட் டேக்ஸ் டூ அவர்ஸ்" என்பதற்கு இரண்டு மணி நேரம் ஆகும் அல்லது பிடிக்கும். 'நேரம் எடுக்கும்' என்பது பேச்சில் பரவிவிட்டது. நான் சண்டை போடுவதில்லை, ஆனால் எழுதுவதும் இல்லை. "டேக்ஸ் ஃபோர் பீப்பிள்" என்றால் நான்கு பேர் வேண்டும். "வீ டேக் கேஷ் ஒன்லி" என்றால் ரொக்கம் மட்டுமே வாங்குவோம்.

ஏறிப் போவது. பேருந்தில் ஏறு, ரயிலைப் பிடி, இடப்பக்கம் திரும்பு, இந்த வழியாகப் போ. 'பேருந்தை எடு' என்று எழுதினால் ஓட்டுநருக்குச் சொன்னதாகிவிடும்.

ஒப்புக்கு நிற்கும் 'டேக்'. இந்தக் குவியல்தான் பெரிது. 'டேக் எ பாத்', 'டேக் எ சீட்', 'டேக் பார்ட்', 'டேக் பிளேஸ்' எல்லாவற்றிலும் 'டேக்'குக்கென்று பொருள் எதுவும் இல்லை, பக்கத்துப் பெயர்ச்சொல்லை வினையாக்க நிற்கிறது. தமிழில் ஒரே வினையில் முடிந்துவிடும்: குளியுங்கள், உட்காருங்கள், கலந்துகொள்ளுங்கள், நடைபெறும். 'டேக் லீவ்' வந்தால் நிதானியுங்கள். வேலையில் விடுப்பு எடுப்பதும் அதுதான், விருந்தினர் விடைபெறுவதும் அதுதான். 'டேக் கேர்' வாக்கியத்தின் நடுவில் வந்தால் பார்த்துக்கொள்வது, எச்சரிக்கையாக வந்தால் கவனமாக இருப்பது, கடிதத்தின் கடைசியில் வந்தால் 'உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்'.

'எடு' வேரூன்றிவிட்ட இடங்களும் உண்டு: ஓய்வெடு, படம் எடு, நடவடிக்கை எடு. இவற்றைப் போய்த் திருத்த வேண்டாம். காவடிக்கு ஆங்கிலத்தில் 'கேரி' என்பார்கள், நமக்கு அது எடுப்பதுதான், சுமப்பது ஆகாது. பரீட்சைக்கு வேறு நாடுகளில் 'டேக்' வரும், இங்கே பிள்ளைகள் 'ரைட்' என்கிறார்கள். நாமும் பரீட்சை எழுதுகிறவர்கள்தான், வேலை மிச்சம்.

5. வால் ஒட்டிய வினைகள்

'ஆஃப்', 'அவுட்', 'ஓவர்', 'அப்', 'டவுன்' என்று ஒரு வால் ஒட்டினால் பழைய பொருள் காற்றில் போய்விடும். அகராதியில் இவை தனித் தலைப்பாக, பக்கத்தின் கடைசியில் இருக்கும். மேலே இருப்பதைப் படித்துவிட்டு மூடிவிடாதீர்கள்.

கோயில் தாளில் அடிக்கடி வருபவை: 'டேக் ஆஃப் யுவர் ஷூஸ்' என்றால் காலணியைக் கழற்றுங்கள். அதே 'டேக் ஆஃப்' கணக்குத் தாளில் கழிப்பது, விமான நிலையத்தில் புறப்படுவது. கொடியை 'டேக் டவுன்' செய்வது கொடியிறக்கம். அதே சொல் கூட்டக் குறிப்பில் வந்தால் எழுதிக்கொள்வது. சுவாமியை வெளியே 'டேக் அவுட்' செய்வதற்கு நம்மிடம் தயாராக ஒரு சொல் இருக்கிறது: சுவாமி புறப்பாடு. இதை 'வெளியே எடுத்தல்' என்று எழுதிய தாளைக் கண்ணால் பார்த்திருக்கிறேன், எந்தக் கோயில் என்று சொல்ல மாட்டேன். புதிய குழு நிர்வாகத்தை 'டேக் ஓவர்' செய்தால், பொறுப்பேற்கிறது. பிள்ளை அப்பாவை 'டேக் ஆஃப்டர்' செய்தால், அப்பாவை உரித்து வைத்திருக்கிறது.

6. இந்த நாட்டு ஆங்கிலம்

ஊரில் படித்த ஆங்கிலத்தை நம்பி இறங்கினால் மூன்று இடத்தில் மாட்டுவீர்கள்.

டாக்சி. "டேக் எ டாக்சி ஃப்ரம் வார்விக்" என்றால் வாடகைக் காரைக் கூப்பிடச் சொல்லவில்லை. இங்கே டாக்சி என்றால் பலரும் சேர்ந்து ஏறும் மினிபஸ். வார்விக் சந்திப்பு டர்பனில் அவற்றுக்குப் பெரிய நிலையம். "வார்விக்கில் சாட்ஸ்வர்த் போகும் மினிபஸ் டாக்சியில் ஏறுங்கள்" என்று முழுசாக எழுதுங்கள், ஊருக்குப் புதியவர் அதை வைத்துத்தான் வழி கண்டுபிடிப்பார்.

ரோபோ. "டேக் எ லெஃப்ட் அட் த ரோபோ" என்று வழிக்குறிப்பில் வரும். போக்குவரத்து விளக்கைத்தான் இங்கே ரோபோ என்கிறார்கள். "சிக்னலில் இடப்பக்கம் திரும்புங்கள்."

மாத்திரை குடிப்பது. ஆஃப்ரிக்கான்ஸ் மொழியில் மாத்திரையைக் குடிப்பது வழக்கம். அதைப் பார்த்து இங்கே ஆங்கிலத்திலும் "டிரிங்க் யுவர் டேப்லெட்ஸ்" என்று சாதாரணமாகச் சொல்கிறார்கள். ஜூலு மொழியிலும் மருந்து குடிப்பதுதான். நீங்கள் அதை அப்படியே 'மாத்திரையைக் குடிக்கவும்' என்று எழுதினால், வயதானவர் ஒருவர் அதைத் தண்ணீரில் கரைத்துக் குடிப்பார். சில மாத்திரைகளைக் கரைக்கவோ நொறுக்கவோ கூடாது.

போகிற போக்கில் ஒன்று: ஜூலுவில் 'எடு' என்பதற்கான சொல் நம் காதில் கிட்டத்தட்ட 'தாத்தா' என்று விழும். கடையில் யாராவது உங்களைப் பார்த்து அப்படிச் சொன்னால் வயதைக் குறித்து வருந்த வேண்டாம், மிச்சக் காசை எடுத்துக்கொள்ளச் சொல்கிறார்.

7. வேர் பார்ப்பது, எந்த அளவுக்கு

இதில் அதிக நேரம் செலவிடாதீர்கள். 'டேக்' ஆங்கிலத்தின் சொந்தச் சொல் இல்லை. வட ஐரோப்பியரான நார்ஸ் மக்களின் 'டாகா' என்ற வினை, பழைய ஆங்கிலத்தின் கடைசிக் காலத்தில் உள்ளே வந்து, அங்கே இருந்த 'நிமன்' என்ற வினையைத் தள்ளிவிட்டு உட்கார்ந்துகொண்டது. தள்ளப்பட்டதன் உறவினர் இன்னும் உயிரோடு இருக்கிறார்: ஜெர்மனில் 'நேமன்', ஆஃப்ரிக்கான்ஸில் 'நேம்'. ஆங்கிலத்திலேயே 'நம்ப்' (மரத்துப்போன) என்ற சொல் அந்தப் பழைய வினையின் மிச்சம்.

இதனால் என்ன பயன் என்றால், இங்கே மருந்துப் பெட்டிக்குள் இருக்கும் தாள் பெரும்பாலும் ஆங்கிலம் ஒரு பக்கம், ஆஃப்ரிக்கான்ஸ் மறுபக்கம். ஆங்கில வரி இரண்டு பொருள் தந்தால் அடுத்த பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள். அங்கே 'நேம்' என்றோ, முன்பு சொன்ன குடிக்கும் வினையோ இருந்தால் உட்கொள்வது பற்றிய பேச்சாக இருக்கலாம். வேறு வினை இருந்தால் ஆங்கில 'டேக்' அங்கே ஒப்புக்கு நிற்பதாக இருக்கலாம். ஆஃப்ரிக்கான்ஸ் தெரிந்த பக்கத்து வீட்டுக்காரர் இருந்தால் ஒரு நிமிட வேலை.

தமிழ்ப் பக்கமும் ஒரு பார்வை பாருங்கள். 'எடு' அடிப்படையில் தூக்குவது, உயர்த்துவது. எடை என்பது அதிலிருந்து வந்தது, எடுப்பான பல் என்பதும் அப்படித்தான். கீழிருந்து மேலே வரும் அசைவு அந்தச் சொல்லுக்குள் இருப்பதால்தான், வாய்க்குள் இறங்கும் மருந்தோடு அது ஒட்டாமல் நிற்கிறது. இரண்டு மொழிச் சொற்களும் ஒலியில் ஒத்திருக்கின்றன என்று உறவு கொண்டாடும் வேலை மட்டும் வேண்டாம். கோயில் வாசலில் அதற்கென்றே சிலர் காத்திருப்பார்கள். கேட்டுக்கொண்டு நகர்ந்துவிடுங்கள்.

8. மருந்துத் தாள்

மற்ற தாள்களில் பிழை வந்தால் சிரிப்பார்கள். இதில் வந்தால் ஆளுக்கு ஆபத்து. ஆகவே இதை வாங்குவதென்றால் மருந்துக்கடைக்காரரிடம் காட்டிச் சரிபார்த்த பிறகே கொடுப்பேன் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

"டேக் டூ டேப்லெட்ஸ் த்ரீ டைம்ஸ் எ டே" என்ற வரியை "இரண்டு மாத்திரை மூன்று வேளை" என்று சுருக்கினால், மொத்தம் இரண்டா ஆறா என்று குழம்புவார்கள். "ஒரு வேளைக்கு 2 மாத்திரை. காலை, மதியம், இரவு. ஒரு நாளைக்கு மொத்தம் 6" என்று எழுதுங்கள். எண்ணை எண்ணாகவே போடுங்கள், தமிழ் எழுத்து சரியாகப் படிக்க வராதவருக்கும் எண் தெரியும்.

வினைக்கு என்ன போடுவது? அரசாங்கத் தமிழில் 'உட்கொள்ளவும்'. இங்கே வளர்ந்த பாட்டிமாருக்கு அது பிடிபடாது. 'சாப்பிடவும்' எல்லோருக்கும் புரியும், ஆனால் "சாப்பாட்டுக்கு முன் சாப்பிடவும்" என்று வந்து இடிக்கும். மாத்திரை 'போட்டுக்கொள்வது' பேச்சில் இயல்பு, ஆனால் ஊசியும் போடுவதுதான், சொட்டு மருந்தும் காதில் போடுவதுதான். நான் செய்வது இது: மாத்திரை என்றால் 'சாப்பிடவும்', சாப்பாட்டைக் குறிக்கும் இடத்தில் 'உணவு'. "உணவுக்கு அரை மணி நேரம் முன்பு மாத்திரையைச் சாப்பிடவும்." திரவ மருந்துக்குக் 'குடிக்கவும்'. முழுதாக விழுங்க வேண்டியதற்கு மட்டும் 'மெல்லாமல் விழுங்கவும்'. நாக்குக்கடியில் வைக்கும் மாத்திரைக்கு "நாக்குக்கு அடியில் வைக்கவும், விழுங்கக் கூடாது". மூச்சிழுப்பான் என்றால் "வாயில் வைத்து உள்ளே இழுக்கவும்". ஆங்கிலத்தில் எல்லாவற்றுக்கும் ஒரே 'டேக்' போட்டுவிட்டுப் போயிருப்பார்கள்.

வெறும் வயிற்றிலா உணவோடா என்பதைத் தனி வரியாக, பெரிய எழுத்தில் போடுங்கள். தைராய்டுக்கான லெவோதைராக்சின் வெறும் வயிற்றில், சர்க்கரைக்கான மெட்ஃபார்மின் உணவோடு. இரண்டையும் சாப்பிடும் பெரியவர்கள் நிறையப் பேர், வரி மாறினால் இரண்டும் மாறிப்போகும்.

"டு நாட் டேக் திஸ் இஃப் யூ ஆர் டேக்கிங்..." என்ற வரியில் இரண்டு 'டேக்' இருக்கும், இரண்டும் வேறு. முதலாவது இப்போது சாப்பிடுவது. இரண்டாவது பல நாளாகத் தொடர்ந்து சாப்பிட்டுவருவது. "ரத்தம் உறையாமல் இருப்பதற்கான மருந்து சாப்பிட்டுவருபவர்கள் இதைச் சாப்பிடக் கூடாது" என்று 'வரு'வைச் சேர்த்தால் தெளிவாகிவிடும். அதை விட்டுவிட்டால், ஒரே நேரத்தில் இரண்டையும் விழுங்கக் கூடாது, ஒரு மணி நேரம் விட்டுச் சாப்பிடலாம் என்று படித்தவர் நினைப்பார்.

'டேக் பிளட்' என்றால் ரத்தம் எடுப்பார்கள். 'டேக் பிளட் பிரஷர்' என்றால் பிரஷர் பார்ப்பார்கள். 'டேக் டெம்பரேச்சர்' என்றால் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள்.

முடித்ததும், நீங்கள் எழுதிய தமிழை வேறொருவரிடம் கொடுத்து, மூலத்தைக் காட்டாமல் ஆங்கிலத்தில் சொல்லச் சொல்லுங்கள். அவர் சொன்னதை எழுதி, மருந்துக்கடைக்காரரிடம் காட்டுங்கள். கூட்டமில்லாத காலை நேரத்தில் போனால் பொறுமையாகப் பார்த்துத் தருவார்கள். மாதக் கடைசியில் சம்பள நாளை ஒட்டிப் போகாதீர்கள்.

9. வாசித்துக் காட்டுதல்

கோயில் தாளுக்கும் ஒரு சோதனை உண்டு. மெரிபேங்கிலோ டோங்காட்டிலோ தமிழ் பேசும் வயதானவர் ஒருவரிடம் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். புரிந்ததா என்று கேட்காதீர்கள், மரியாதைக்காகப் புரிந்தது என்பார். "இப்போது என்ன செய்யச் சொல்கிறது, பாட்டி?" என்று கேளுங்கள். அவர் சொல்லும் வினையை அப்படியே குறித்துக்கொள்ளுங்கள். பல சமயம் உங்கள் வினையைவிட அது நன்றாக இருக்கும், மாற்றிவிடுங்கள்.

10. நேரம், கூலி, அச்சு

ஒரு பக்க அறிவிப்பை ஒரு மாலையில் மொழிபெயர்த்துவிடலாம். சோதித்துத் திருத்துவதற்குத்தான் அதைவிட நேரம் ஆகும். ஒரு வாரம் கேளுங்கள். தைப்பூசத்துக்கும், இசிப்பிங்கோ மாரியம்மன் கோயிலில் கூட்டம் அலைமோதும் புனித வெள்ளிக்கும் முந்தைய வாரங்களில் அச்சகங்களில் வரிசை நிற்கும், அப்போது இரண்டு வாரம் கேளுங்கள். டிசம்பர் நடுவில் பல அச்சகங்கள் மூடினால் ஜனவரியில்தான் திறப்பார்கள். தை மாத அறிவிப்பை நவம்பர் கடைசிக்குள் கொடுத்துவிட வேண்டும்.

கூலி வாங்க அனுமதி உள்ளவர்கள், சொல் எண்ணிக்கையை ஆங்கில மூலத்தில் எண்ணிப் பேசுங்கள். தமிழில் எண்ணினால் நஷ்டம் உங்களுக்குத்தான். ஆங்கிலத்தின் நான்கு சொல் தமிழில் ஒரே சொல்லாக ஒட்டிக்கொள்ளும். மருந்துத் தாளுக்குச் சொல் கணக்கு சரிப்படாது, மணிக் கணக்கு பேசுங்கள். எதுவானாலும் தொகையை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

அச்சகத்துக்குத் திறந்த கோப்பை அனுப்பாதீர்கள். அவர்கள் கணினியில் தமிழ் எழுத்துரு இருக்காது, கொம்பும் காலும் இடம் மாறிக் கட்டங்களாக வரும். பழைய பாமினி எழுத்துருவில் அடித்தால் தொல்லை இரட்டிப்பு. யூனிகோடில் அடித்து, எழுத்துருவை உள்ளடக்கிய பிடிஎஃப் ஆக மாற்றி அனுப்புங்கள். அச்சடிப்பவருக்குத் தமிழ் தெரியாது என்பதால் வரி முறிந்தாலும் அவர் கண்ணில் படாது. மாதிரித் தாள் ஒன்று கேட்டு வாங்கி, ஒவ்வொரு வரியையும் விரல் வைத்துப் படித்து, கோயில் குழுவில் ஒருவரிடம் அதிலேயே கையெழுத்து வாங்குங்கள். கையெழுத்துக்குப் பிறகு வரும் மாற்றத்துக்கு அச்சகம் தனியாகக் காசு கேட்கும், அதை யார் கொடுப்பது என்பதையும் அன்றே பேசிவிடுங்கள்.